அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே இருபத்தொரு வாரம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. நரம்புத்தசை நோய்ப் பிரிவில் பார்த்த பல குழந்தைகளின் கதைகளைக் கலந்து, யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி ஒரு குடும்பமாக ஆக்கியிருக்கிறேன். நோயின் போக்கு, சோதனைகள், மருந்துகள், ஆண்டுகள் ஆகியவற்றில் கற்பனை ஏதும் இல்லை.

முதல் வருகை

அவளை என்னிடம் கொண்டுவந்தபோது வயது 22 வாரம். வந்த காரணம் சளி. நாலு நாளாக இருமல், ஆனால் அந்த இருமலில் சத்தமே இல்லை. தொண்டைக்குள் யாரோ மெல்லக் கனைப்பது போல இருந்தது. பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது என்றார் அம்மா.

நிறைமாதப் பிரசவம். பிறந்தவுடன் நன்றாக அழுதிருக்கிறாள். முதல் ஆறு வாரம் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவாளாம். இரண்டாம் மாதக் கடைசியில் அந்த உதை நின்றுபோனது. ஒரேயடியாக நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் யாருக்கும் அது உறைக்கவில்லை. “துணி மாத்தும்போது தொடை ரெண்டும் தானா விரிஞ்சு கிடக்கும். ரொம்பச் சாதுவான பிள்ளைன்னு எல்லாரும் சொன்னாங்க, டாக்டர்.” மூன்று மாதத்தில் தடுப்பூசிக்குப் போன இடத்தில், கழுத்து நிற்கவில்லையே என்று கேட்டிருக்கிறார். “சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் நிக்கும், இன்னும் ரெண்டு மாசம் பாருங்க” என்று பதில் வந்திருக்கிறது.

அப்படிச் சொன்னவரைக் குறை சொல்வது சுலபம். தாமதமாகக் கழுத்து நிற்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே இருக்காது, அது உண்மைதான். ஆனால் மெதுவாகக் கற்றுக்கொள்வது வேறு, கற்றதை இழப்பது வேறு. உதைத்துக்கொண்டிருந்த கால் உதைப்பதை நிறுத்தியது என்று அம்மா சொன்னால், அதைத் தாமதம் என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை அன்று யாரும் கேட்டு வாங்கவில்லை.

படுக்கையில் கிடத்தியதும் என் கண்ணில் பட்டது முகம். பளிச்சென்ற முகம். என் கண்ணாடியை விடாமல் பார்த்தாள், நான் நகர்ந்தால் கண்ணும் கூடவே நகர்ந்தது, சிரித்தாள். கழுத்துக்குக் கீழே அப்படியே வேறு குழந்தை. தவளைக் காலைப் போல விரிந்த தொடைகள், தோளிலிருந்து எழும்பாத கைகள். விரல்கள் மட்டும் விளையாடின. மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பியது, மார்பு உள்ளே அமுங்கியது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் ஓய்ந்துபோய் உதரவிதானம் மட்டும் தனியாக உழைக்கும்போது மூச்சு இப்படித்தான் தலைகீழாகத் தெரியும். நாளடைவில் மார்புக்கூடே மணி வடிவத்துக்கு மாறிவிடும்.

முழங்காலில் சுத்தியால் தட்டினால் பதில் இல்லை. அப்புறம் நாக்கு. அழுகிற குழந்தையின் நாக்கு யாருக்கும் நடுங்கும், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அவள் பால் குடித்துக் கண்ணயரும் வரை காத்திருந்து, வாய் லேசாகத் திறந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் இரண்டு ஓரங்களிலும் தோலுக்கு அடியில் புழு நெளிவது போன்ற துடிப்பு. அந்த இருபது நொடியில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு மற்றவற்றை விலக்க வேண்டும். முகம் விழிப்பாக இருந்து உடம்பு தளர்ந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் மூளையில் இல்லை. தண்டுவடத்துக்குக் கீழே எங்கோ இருக்கிறது. நாக்கு பெரிதாகவும் எக்ஸ்ரேயில் இதயம் வீங்கியும் இருந்தால், நொதிக் குறைவால் வரும் பாம்பே (Pompe) என்ற மரபு நோயை நினைப்பேன். 2006 முதல் அதற்கு நொதி மாற்று மருந்து இருப்பதால் அதைத் தவறவிடக் கூடாது. இமை தொங்கி, நேரம் போகப் போகச் சோர்வு கூடினால், நரம்பும் தசையும் சேருமிடத்தில் கோளாறான பிறவி மயஸ்தீனியா. மலச்சிக்கலில் தொடங்கிச் சில நாட்களுக்குள் தளர்ந்து, கண்பாவையும் மந்தமானால், பாக்டீரியா நச்சால் வரும் பொட்டுலிசம். இவளிடம் இவை எதுவும் இல்லை. கடைசியாக அம்மாவின் கையைக் குலுக்கினேன். அவர் மரியாதை என்று நினைத்திருப்பார். இறுகிய தசை எளிதில் தளராத மயோடோனிக் நோய் பிறவியிலேயே தெரிந்தால், அது பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வந்திருக்கும், அந்த அம்மாவுக்குப் பிடித்த கையைச் சட்டென்று விட வராது. இவர் உடனே விட்டார்.

தசைத் துண்டு எடுக்கவில்லை, ஊசி குத்தித் தசையின் மின்சாரத்தை அளக்கவும் இல்லை. ஒரு காலத்தில் இரண்டும் கட்டாயம். இப்போது நேரே ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிடுகிறோம். எட்டு நாளில் முடிவு வந்தது: எஸ்எம்என்1 என்ற மரபணு பூஜ்யம், எஸ்எம்என்2 என்ற மரபணு இரண்டு நகல். தண்டுவடத் தசைச் சிதைவு, முதல் வகை. பெற்றோர்கள் இதை எஸ்எம்ஏ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

உதிரி மரபணுவின் கதை

1891இல் கீடோ வெர்ட்னிக் என்ற மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் எழுதியதே இரண்டு சகோதரர்களை வைத்துத்தான். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் மருத்துவர்கள் செய்ய முடிந்தது பெயர் வைப்பதும் ஆறுதல் சொல்வதும் மட்டுமே. 1995இல் பிரான்சில் ஜூடித் மெல்கியின் குழு ஐந்தாவது குரோமோசோமில் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுதான் எஸ்எம்என்1. தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் பிழைத்திருக்கத் தேவையான புரதத்தை அது தருகிறது. அது இல்லையென்றால் அந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். தசையில் பழுதில்லை, ஏவ ஆளில்லாமல் அது கரைந்துபோகிறது.

மனிதருக்கு ஓர் அதிர்ஷ்டம். பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று ஓர் உதிரி இருக்கிறது. கிட்டத்தட்ட அச்சு அசல்தான், ஆனால் எக்ஸான் எனப்படும் மரபணுத் துண்டுகளில் ஏழாவதில், சி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி விழுந்துவிட்டது. அந்த ஓர் எழுத்து மாறியதால், செல் செய்தியைப் படித்துக் கோக்கும்போது ஏழாவது துண்டைத் தாண்டிப் போய்விடுகிறது. வரும் புரதம் குட்டையாகி, சீக்கிரமே சிதைந்துபோகிறது. பத்தில் ஒன்றுதான் முழுதாகத் தேறுகிறது. எனவே உதிரி எத்தனை நகல் இருக்கிறது என்பதை வைத்து நோய் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு நகல் என்றால் பெரும்பாலும் முதல் வகை, மூன்று நான்கு என்றால் லேசானது. அது வழிகாட்டியே தவிர ஜாதகம் அல்ல.

இன்றிருக்கும் மூன்று மருந்துகளும் இந்தக் கதையிலிருந்தே பிறந்தவை. 2016 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற நுசினெர்சன், செல் தாண்டிப்போகும் அந்த ஏழாவது துண்டைச் சேர்த்துக் கோக்க வைக்கிறது. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் விட வேண்டும்: முதல் இரண்டு மாதத்தில் நாலு முறை, பிறகு நாலு மாதத்துக்கு ஒரு முறை. 2019 மே மாதம் வந்த ஓனாசெம்னோஜீன், எஸ்எம்என்1 மரபணுவையே ஏஏவி9 என்ற தீங்கற்ற வைரஸின் கூட்டில் வைத்து ரத்தக் குழாய் வழியாக ஒரே ஒரு தடவை அனுப்புகிறது. 2020 ஆகஸ்டில் வந்த ரிஸ்டிப்லாம் தினமும் வாயில் ஊற்றும் மருந்து. அதன் வேலை நுசினெர்சனின் வேலைதான், ஆனால் உடம்பு முழுக்கப் போகிறது.

எது சிறந்தது என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். மூன்றையும் ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு கிடையாது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எது சீக்கிரம் உள்ளே போகுமோ அது.

அக்கா

சளி அடங்கிய பிறகு, 24ஆம் வாரத்தில் அவளுக்கு மரபணு மருந்து செலுத்தினோம். ஏஏவி9க்கு எதிரான ஆன்ட்டிபாடி ஏற்கெனவே ரத்தத்தில் அதிகம் இருந்தால் மருந்து வீணாகும். இவளுக்குக் குறைவாகவே இருந்தது. முந்தின நாளே ஸ்டீராய்டு தொடங்கியாயிற்று, எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். மருந்து ஏறியது ஒரு மணி நேரம். அப்பா அந்த ஒரு மணி நேரமும் பம்ப் திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. ஒன்றும் நடக்கவில்லை, குழந்தை தூங்கிவிட்டாள்.

நடப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் வாந்தியும் காய்ச்சலும். முதல் வாரத்தில் ரத்தத் தட்டணு மூன்று லட்சத்திலிருந்து 88 ஆயிரத்துக்கு இறங்கி, பத்து நாளில் தானாக ஏறியது. மலத்தில் வைரஸ் துகள் வெளியேறும் என்பதால் ஒரு மாதம் டயப்பரை இரட்டைப் பையில் கட்டிப் போட வேண்டும், மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஸ்டீராய்டு முடியும் வரை உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிப் போட்டோம். ஐந்தாம் வாரம் ஸ்டீராய்டைக் குறைக்க ஆரம்பித்ததும் கல்லீரல் நொதி இயல்பைவிட ஆறு மடங்கு ஏறியது. பழைய அளவுக்கே திரும்பினோம். கடைசியில் ஸ்டீராய்டை நிறுத்த நாலு மாதம் ஆனது.

கட்டாயம் சொல்ல வேண்டிய இடம் இது. மருந்து செலுத்திய பிறகு கல்லீரல் செயலிழந்து இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி 2022இல் வந்தது. இரண்டுமே ஐந்தாறு வாரத்தில், ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கியபின் நடந்தவை. ஒரே ஊசி, அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து வரும் குடும்பத்துக்கு, அடுத்த மூன்று மாதமும் வாராவாரம் ரத்தம் எடுக்க வர முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

பலன்? கைகால் அசைவுக்கு மதிப்பெண் போடும் சாப் இன்டென்ட் என்ற அளவுகோல் உண்டு, முழு மதிப்பெண் 64. அவள் தொடங்கியது 24இல். மூன்று மாதத்தில் 37, ஒரு வருடத்தில் 49. பதினேழாவது மாதம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் அரை நிமிடம் உட்கார்ந்தாள். முதல் வகைக் குழந்தை தானாக உட்காருவது என்பது இந்த மருந்துகளுக்கு முன் நடக்காத காரியம். அந்த வகையின் இலக்கணமே ‘உட்காராதவர்’ என்பதுதான். இந்த மருந்தின் முதல் ஆய்வில் 15 குழந்தைகள் இருந்தார்கள். இருபதாவது மாதத்தில் பதினைந்து பேரும் நிரந்தர மூச்சுக் கருவி இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை இல்லாத பழைய பதிவுகளில் அப்படி இருந்தது நூற்றுக்கு எட்டுப் பேர்.

ஆனாலும் அவள் நிற்கவில்லை. இன்றுவரை இரவில் முகமூடி வைத்த மூச்சுக் கருவி தேவைப்படுகிறது. விழுங்கும் தசை திடமாகாததால் பத்தாவது மாதம் வயிற்றில் குழாய் வைத்தோம். இரண்டரை வயதில் முதுகு வளைய ஆரம்பித்தது. நான் பாடப்புத்தகத்தில் படித்த நோயே இல்லை இது. முன்பு இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் முதுகு வளையும் வயது வரை வாழ்ந்ததில்லை. உட்கார்ந்து, பேசி, சண்டை போட்டு, ஆனால் தொண்டையும் முதுகும் பலவீனமாக வளரும் இந்தப் புதுத் தலைமுறையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நாங்களும் அவர்களோடு சேர்ந்துதான் கற்றுக்கொள்கிறோம்.

தம்பி

அம்மா மறுபடி கர்ப்பமானார். இரு பெற்றோருமே ஒரு பழுதான நகலைச் சுமப்பவர்கள், ஆகவே ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பனிக்குட நீர்ச் சோதனை பற்றிச் சொன்னோம். வேண்டாம், பிறந்தபின் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி, அது அவர்கள் முடிவு. பிறந்த இரண்டாம் நாள் ரத்தம் போனது, ஏழாம் நாள் முடிவு: எஸ்எம்என்1 பூஜ்யம், எஸ்எம்என்2 இரண்டு. அக்காவின் அறிக்கையைப் படியெடுத்தது போல.

வித்தியாசம் குழந்தையில் இருந்தது. அவன் என் கையை உதைத்தான். முழங்காலில் தட்டினால் கால் துள்ளியது. நாக்கு அமைதியாகக் கிடந்தது. அப்பா கேட்டார்: “நல்லாத்தானே இருக்கான் டாக்டர்? இவனுக்கா அந்த மருந்து?” இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாத பத்து நாள் குழந்தைக்கு, கல்லீரலைச் சீண்டக்கூடிய, திருப்பி எடுக்க முடியாத ஒரு மருந்தைக் கொடுக்கப் போகிறோம். அவருக்கு நான் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. “அவ ஆறு வாரம் வரைக்கும் எப்படி இருந்தா?” என்று மட்டும் கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார், “இவனை மாதிரியேதான்.”

பச்சிளம் குழந்தைக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. அம்மாவின் ஆன்ட்டிபாடி தொப்புள்கொடி வழியாக வந்து மருந்தைத் தடுக்கலாம். இவனுக்கு அது இல்லை, ஆனால் மஞ்சள் காமாலை இருந்தது. அது வடிந்து கல்லீரல் எண்கள் சீராகும் வரை காத்து, 21ஆம் நாள் செலுத்தினோம். அந்த இரண்டு வாரக் காத்திருப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ரிஸ்டிப்லாமைப் பச்சிளம் குழந்தைக்கும் கொடுக்க 2022 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் உண்டு. இப்போது என்றால் அந்த இடைவெளியை அதை ஊற்றி நிரப்பியிருப்பேன்.

அவன் பக்க விளைவுகளைச் சொல்ல அதிகம் இல்லை: நொதி இரண்டு மடங்கு ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஏழாவது மாதம் உட்கார்ந்தான், பன்னிரண்டாவது மாதம் நின்றான், பதினாறாவது மாதம் நடந்தான். குழாய் இல்லை, மூச்சுக் கருவி இல்லை. அறிகுறி வரும் முன்பே இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. உதிரி இரண்டு நகல் மட்டும் கொண்ட 14 குழந்தைகளும் தானாக உட்கார்ந்தார்கள். மூச்சுக்கோ உணவுக்கோ ஒருவருக்கும் கருவி தேவைப்படவில்லை. மூன்று நகல் கொண்ட 15 பேரும் நின்றார்கள், 14 பேர் நடந்தார்கள்.

ஒரே மரபணு, ஒரே மருந்து, எடைக்கேற்ப ஒரே அளவு. 24ஆம் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் நடுவே இருந்த இருபத்தொரு வாரத்தில் அக்கா இழந்த நரம்பணுக்கள்தான் வித்தியாசம். இந்த மருந்துகள் எதுவும் செத்த நரம்பணுவை எழுப்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றும். முதல் வகையில் அந்தச் சாவு மாதக்கணக்கில் சீராக நடப்பதும் இல்லை, பிறந்த முதல் சில வாரங்களில்தான் வெள்ளமாகப் போகிறது.

இதனால்தான் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையில் ஒற்றிய ரத்தத் துளியிலேயே இந்த நோயைத் தேடும் திட்டங்கள் வந்தன. அமெரிக்கா 2018இல் இதைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தச் சோதனை தேடுவது இரண்டு நகலிலும் ஏழாவது எக்ஸான் இல்லாததை. நோயாளிகளில் சுமார் 95 விழுக்காட்டினர் அதில் சிக்குவார்கள். ஒரு நகலில் எழுத்துப் பிழை மட்டும் உள்ள மீதிப் பேர் தப்பிவிடுவார்கள். எனவே தளர்ந்த குழந்தை வந்தால், பிறந்தபோது சோதித்தாயிற்று என்ற காகிதத்தை நம்பி நாக்கைப் பார்க்காமல் விடக் கூடாது.

மூன்றாம் வாரமே தாமதமோ என்ற கேள்வியும் வந்துவிட்டது. 2025இல் ஒரு நிகழ்வு வெளியானது. முதல் குழந்தையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தாய், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் ரிஸ்டிப்லாம் சாப்பிட்டார். பிறந்த குழந்தைக்கும் அதையே தொடர்ந்தார்கள். இரண்டரை வயதில் எஸ்எம்ஏவின் அடையாளம் எதுவும் அந்தக் குழந்தையிடம் இல்லை. வேறு சில பிறவிக் கோளாறுகள் இருந்தன, அவை மருந்துக்கு முன்பே உருவானவை என்பது அந்த மருத்துவர்களின் கருத்து. ஒரே ஒரு குழந்தைதான், அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

காத்திருப்பு அறையில் ஒரு கேள்வி

அக்காவும் தம்பியும் வரும் நாளில், டூஷேன் தசைச் சிதைவு உள்ள எட்டு வயதுப் பையனின் அம்மா ஒருவரும் வருவார். ஒருநாள் கேட்டார், “அந்த ஒரே ஊசியை எங்க பையனுக்கும் போட முடியாதா?”

சுருக்கமாகச் சொன்னால், பெட்டி சிறிசு. ஏஏவி கூட்டில் சுமார் 4,700 எழுத்துதான் அடங்கும். எஸ்எம்என் புரதத்துக்கான செய்தி அதில் தாராளமாகப் போகும். டூஷேனில் இல்லாமல் போகும் டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்துக்கோ செய்தியின் முக்கியப் பகுதி மட்டுமே 11,000 எழுத்து. அதைக் கத்தரித்துச் சின்னதாக்கிய மைக்ரோடிஸ்ட்ரோபினைத்தான் அனுப்ப முடிகிறது. 2023இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது, ஆனால் 2025இல் நடக்க இயலாத நிலையிலிருந்த பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தபின் யாருக்குக் கொடுக்கலாம் என்பது சுருக்கப்பட்டது. எக்ஸான் தந்திரமும் அங்கே தலைகீழ்: எஸ்எம்ஏவில் விட்டுப்போன துண்டைச் சேர்க்கிறோம், டூஷேனில் வாசகம் குலையாமல் இருக்க ஒரு துண்டை வேண்டுமென்றே தாண்ட வைக்கிறோம். 2024இல் வந்த கிவினோஸ்டாட் உட்படப் புது மருந்துகள் வந்தாலும் அந்தப் பையனின் சிகிச்சைக்கு அடித்தளம் இன்னும் ஸ்டீராய்டுதான். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லி முடித்ததும், “அப்போ பெட்டியைப் பெரிசாக்கச் சொல்லுங்க” என்றார். ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பார்த்தபோது

அவளுக்கு நாலரை வயது, அவனுக்கு இரண்டு. தம்பியை நான் குணமானவன் என்று எழுதவில்லை, கோப்பில் ‘சிகிச்சை பெற்றவர்’ என்றே இருக்கிறது. ஓடும்போது இடுப்பு லேசாக ஆடுகிறது, படி ஏறக் கம்பியைப் பிடிக்கிறான். அவனைக் கவலையில்லாத பட்டியலில் சேர்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வளர்த்தியின் வேகத்துக்கு இருக்கும் நரம்பணுக்கள் ஈடுகொடுக்கின்றனவா என்று வருடத்துக்கு இருமுறை மணிக்கட்டில் நரம்பைத் தூண்டித் தசையின் பதிலை அளக்கிறோம்.

அவள் மின்சாரச் சக்கர நாற்காலியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். முதுகில் பட்டை. பந்து கீழே விழுந்ததும் “டேய், எடுத்துக் குடு” என்றாள், அவன் ஆடி ஆடி ஓடி எடுத்துக் கொடுத்தான். அவள் அதை என் மேல் எறிந்தாள். கை தோள் உயரத்துக்கு வரவில்லைதான், ஆனால் பந்து மேசையைத் தாண்டி வந்து விழுந்தது. இயன்முறை மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வருகைக்கு அவளுக்கு முதுகெலும்பு எக்ஸ்ரேவும் உறக்கச் சோதனையும், அவனுக்கு இடுப்பு எக்ஸ்ரேவும் நரம்புச் சோதனையும்.